துவக்கு இருந்த இடத்தில் உலக்கை

பிள்ளைகளே, நான் உங்கள் வயதில் இருந்தபோது அக்கராயனில் எங்கள் வீட்டில் ஒரு துவக்கு இருந்தது. வயலுக்குள் இறங்கும் காட்டுப்பன்றியைக் கலைக்கிற ஒற்றைக்குழல் துவக்கு. சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, அரசாங்கக் கந்தோர் கந்தோராக நடந்து அப்பா அதற்கு அனுமதிப் பத்திரம் எடுத்திருந்தார். வருடத்துக்கு ஒருமுறை கிளிநொச்சிக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டப் பெரிய கந்தோருக்கு, துவக்கைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பத்திரம் போனால் துவக்கு போகும். துவக்கு போனால் நெல்லு பன்றிக்கு.

அந்த வருடம் பின்பெட்டி பூட்டிய எங்கள் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் போனோம். தோட்டா உள்ளே இல்லை என்று அப்பா இரண்டு தரம் பார்த்தார். குழலையும் கட்டையையும் கழற்றி, பெட்சீற்றில் சுற்றி, பின்பெட்டியின் நடுவில் எவரும் பார்க்கத்தக்கதாக வைத்தார். தோட்டாக்களை வேறாகத் தகரப் பெட்டியில் பூட்டித் தன் இருக்கையோடு கட்டினார்.

"வழியிலை ஆமி நிக்குது. நான் இருக்கிற வைக்கோல் சாக்குக்குள்ளை வையுங்கோ" என்றா அம்மா.

"ஒளிச்சால் அது களவுச் சாமான். வெளியிலை இருந்தால் என்ரை சாமான். நான் ஏன் ஒளிக்கோணும்?"

அம்மா மறுகதை கதைக்கவில்லை. அவா கதைக்காமல் விட்டால் ஏதோ செய்யப் போகிறா என்பது எங்கள் நாய்க்குக்கூடத் தெரியும், அப்பாவுக்குத்தான் தெரியாது. அவர் டீசல் எடுக்கப் போன நேரம், துவக்கைச் சாக்குக்குள் தள்ளி, பெட்சீற்றுக்குள் எங்கள் உலக்கையை வைத்துச் சுற்றினா. எனக்கு ஒரு முழி முழித்தா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சோதனைச் சாவடியில் மறிக்க முன்னமே அப்பா நிறுத்தினார். பத்திரத்தை நீட்டி, "துவக்கு கொண்டு போறன், வடிவாப் பாருங்கோ" என்று, சேலைக் கடைக்காரர் மாதிரிப் பெட்சீற்றை விரித்தார்.

உலக்கை.

இளம் ஆமிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். அவரோடு நின்ற ஆமிப் பெரியவர் சிரிக்கவில்லை. "துவக்கு எங்க?"

அப்பா பெட்சீற்றைத் தூக்கி உதறிப் பார்த்தார். ஒளித்த துவக்கென்றால் பத்திரத்தோடு அப்பாவும் போய்விடுவார் என்பது எனக்கே விளங்கியது.

அம்மா சாக்கை விட்டு எழும்பி, உள்ளேயிருந்த துவக்கை எடுத்து வெளியில் வைத்தா. "நான்தான் ஒளிச்சனான். அவருக்குத் தெரியாது. நம்பரையும் பாருங்கோ, பத்திரத்தையும் பாருங்கோ. பிழையெண்டால் என்னைக் கொண்டு போங்கோ, துவக்கைத் தரமாட்டன். பன்றி வந்தால் நீங்கள் வந்து கலைப்பியளே?"

பெரியவர் குழலுக்குள் கண்ணை விட்டுப் பார்த்தார். துவக்கு நம்பரைப் பத்திரத்தோடு ஒப்பிட்டார். தகரப் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"அம்மா, உலக்கைக்கு லைசன் இல்லைதானே. அடுத்த முறை அதை வீட்டில வைங்க."

அப்பா துவக்கை மீண்டும் பெட்சீற்றில் சுற்றி, அதே நடுவில் வைத்தார். எனக்கு ஊரையே வென்ற மாதிரி இருந்தது.

கொஞ்சத் தூரம் போனதும் ஒரு பாலை மரத்தடியில் ஓரங்கட்டினார். இரண்டு பேரும் இறங்கி வெறும் நிலத்தில் இருந்தார்கள். அம்மா தண்ணிப் போத்தலைத் திறக்கப் பார்த்தா, முடியவில்லை. அப்பாவாலும் முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன்.

"ஏனப்பா நிப்பாட்டினீங்கள்?"

"எஞ்சின் சூடாயிட்டுது. ஆறட்டும்."

எஞ்சின் நிற்காமல் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற எஞ்சின் எப்படி ஆறும் என்று எனக்கு விளங்கவில்லை.