காம்பரா லாரி

ஹட்டனில் றோலண்ட் முதலாளியிடம் இருந்த சிவப்பு லாரியை ஊரே ‘காம்பரா லாரி’ என்றுதான் சொன்னது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு குடும்பம் சமைத்து, படுத்து, பிள்ளை பெற்று, செத்தும் போகிற ஒற்றை அறைக்குத்தான் காம்பரா என்று பெயர். அது லாரியில் ஏறியதற்குக் காரணம் டிரைவர் சோலைமலை. மெலிந்த ஆள். காற்றடிக்கும் நாளில் சட்டைப் பையில் கல் போட்டுக்கொண்டுதான் ரோட்டைக் கடப்பான் என்பார்கள். கல்லை நான் பார்த்ததில்லை. பை தொங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

றோலண்ட் முதலாளி விற்றது அவசரத்தை. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்தை உருட்டுகிற பெரிய மெஷினுக்கு ரோதை என்று பெயர். ரோதை உடைந்துபோனால், பறித்த கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது. வாடும், புளிக்கும், குப்பைக்குப் போகும். அதற்குள் கொழும்புக்கு ஓடி மாற்றுச் சாமான் ஏற்றி வர ஒரு லாரி வேண்டும். முதலாளியின் பழைய லாரி பொல்பிட்டியப் பக்கம் ஒரு பள்ளத்தில் கண்ணை மூடிவிட்டது. ஓட்டிய சின்னத்தம்பி அதற்கு முன்பே கண்ணை மூடியிருந்தான், தூக்கத்தில். ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குப் போனான். அறுபத்தோராம் வருசம் அது. அவன் இடத்துக்கு, ராகலையில் மரக்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்த சோலைமலை வந்தான்.

அதே மாதம் அவன் மனைவி பூரணியின் பேரைத் தோட்டத்து வேலைப் பதிவில் வெட்டினார்கள்.

கொத்மலைப் பக்கத்துத் தோட்டம். சோலைமலை ஸ்டியரிங் பிடிக்கப் போனதிலிருந்து அங்கே பேர் பதிந்திருந்தது பூரணி ஒருத்திக்குத்தான். அவளுக்கு இருமல். மழையோடு வந்தது, மழை போன பிறகும் போகவில்லை. கூடையோடு பாதி மலை ஏறுவாள், மீதி மலை அவளைப் பார்த்துச் சிரிக்கும். பேர் போனால் காம்பராவும் போகும். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மலைக்குப் பொறுப்பான கண்டாக்கையாவிடம் போய் நின்றாள்.

“ஒம் புருசனுக்குத்தான் டவுன்ல வேலையாச்சே. அங்க வச்சுக்கச் சொல்லு.”

“டவுன்ல அவருக்கு லாரி சீட்டுதாங்க வீடு.”

“அப்ப நீயும் சீட்டுல குந்து.”

பக்கத்துக் காம்பரா ராக்காயி வாசலில் நின்று அழுதாள். உள்ளே வா என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவள் பேரையும் வெட்டுவார்கள். ஹட்டனில் சோலைமலை அறை கேட்டு அலைந்தான். பிரஜா உரிமை இல்லாதவன் என்று ஒருவர் கதவைச் சாத்தினார். இருமல்காரி என்று இன்னொருவர் கதவைத் திறக்கவே இல்லை.

இந்த நிலையில்தான் முதலாளி அவனைக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். பஞ்சிகாவத்தையில் ஒரு முற்றத்தில் இரண்டு லாரி நின்றன. “ரெண்டையும் ஓட்டிப் பார்த்துச் சொல்லு. நீ சொல்றதத்தான் வாங்குவேன். சாமான் நேரத்துக்கு வந்தா அதுக்கு நீதான் டிரைவர். பிந்திச்சோ, வேற ஆள் பார்ப்பேன்” என்றார். சொல்லிவிட்டுத் தேநீர்க் கடைப் பக்கம் போனார்.

ஒன்று நீலம். முடுக்கினால் பூனை மடியில் கிடக்கிற சத்தம். மற்றது சிவப்பு. ஏற்றத்தில் இருமியது. பூரணி போலவே, முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு அடக்கிக்கொண்டு மூன்றாவது. கண்ணிருக்கிறவன் நீலத்தைத்தான் சொல்வான். ஆனால் சிவப்பில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பழைய சொந்தக்காரன் யாரோ பலகையடித்து ஒரு படுக்கை கட்டியிருந்தான். பக்கத்தில் உள்ளங்கையகல ஜன்னல். மேலே தகரக் கூரை. குறுக்கே ஒரு திரைச்சீலை.

சோலைமலை ஏறிப் படுத்துப் பார்த்தான். அவனுக்கு முழங்கால் மடங்கியது. பூரணி அவனைவிட ஒரு தலை குட்டை. அவள் தலை எங்கே வரும், கால் எங்கே முடியும் என்று கையால் தடவினான். சரியாக வந்தது. ஜன்னலோரம் அரிக்கேன் விளக்குக்கும் இடம் இருந்தது. அப்படியே கிடந்தான். முதலாளி வந்து கதவைத் தட்டினார்.

“என்னப்பா, லாரி வாங்க வந்தியா, மாப்பிள்ளைக் கட்டில் பார்க்க வந்தியா? எது நல்லா ஏறுது?”

“நீலம் வேகமா ஏறும் மொதலாளி. சிவப்பு நிக்காம ஏறும்.”

“இருமிச்சே?”

“இருமும். நிக்காது. வண்டி எங்க மொதலாளி நிக்குது? ஓட்டுறவனுக்குக் கண்ணு சொருகுதே, அங்கதான். சின்னத்தம்பியண்ணன நெனைச்சுப் பாருங்க. ஒருத்தன் ஓட்ட, ஒருத்தன் பின்னால படுத்துக்கிட்டா வண்டிக்கு ராத்திரியும் இல்ல, பகலும் இல்ல.”

பயத்தில் பேசினான். ஆனால் அவ்வளவு அழகாகப் பேசியது அவன் வாழ்நாளிலேயே அன்றைக்குத்தான். முதலாளி ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் கேட்கிற முகத்தோடு கேட்டார்.

“நல்ல யோசனைதான். அந்த இன்னொருத்தன்?”

சோலைமலை படுக்கையைத் திரும்பிப் பார்த்தான். படுக்கை கிடைக்க வேண்டும் என்று நினைத்தானே தவிர, அதில் படுக்க ஒரு ஆள் வருவான் என்று நினைக்கவில்லை.

“ஓட்டத் தெரிஞ்ச அந்தோனிமுத்து சும்மாதானே சுத்துறான்” என்றார் முதலாளி. “அவனையே போடுவோம்.”

அந்தோனிமுத்து ஒரு ஆள் இல்லை, ஒன்றரை ஆள். கினிகத்தேனை வளைவில் அவன் விடுகிற குறட்டைக்கு எதிரே வரும் பஸ், ஹோர்ன் என்று நினைத்து ஒதுங்கி நிற்கும். நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் இன்றும் சாட்சி சொல்வார்கள்.

மாதக் கடைசி வந்தது. பூரணி ஒரு மூட்டையும் ஒரு பாயுமாக ஹட்டனில் இறங்கினாள். சோலைமலை அவளைக் கராஜின் பின்வழியாகக் கூட்டிப்போய் லாரியில் ஏற்றினான். முதலாளிக்குத் தெரிந்தால் வேலையும் போகும். ஓட்டமில்லாத நேரத்தில் அவள் படுக்கலாம். லாரி கிளம்பினால் இறங்கிவிட வேண்டும். அவளுக்குக் கிடைத்த காம்பரா அவ்வளவுதான்.

ஸ்டோரில் ரோதைக்குக் காவலாக ரோதமுனி என்றொரு சாமி உண்டு. மெஷின் உடையாமல் காக்கும், மறந்தால் கை விரலைக் கேட்கும். அந்தச் சாமிக்கு அடுத்த மாதம் வந்த சோதனை வேறு எந்தச் சாமிக்கும் வந்திருக்காது. “எங்கேயும் ரோதை உடையக் கூடாது சாமி, ரெண்டு நாள் காலை நீட்டிக்கிறேன்” என்று பூரணி கும்பிடுவாள். “எங்கேயாவது ஒன்னு உடையணும் சாமி, சும்மா நிக்கிற லாரிக்கு ரெண்டு டிரைவர் எதுக்குன்னு மொதலாளி கேக்குறாரு” என்று அதே திசையைப் பார்த்து அவன் கும்பிடுவான்.

ஒருநாள் விடியலில் அந்தோனிமுத்து திரையை விலக்கிவிட்டு நின்றான்.

“அண்ணே, என் கட்டிலுக்கு யாரோ வாழ்க்கைப்பட்டு வந்திருக்காங்க.”

“எங்க வீட்டுக்காரிடா. சத்தம் போடாத.”

“போட மாட்டேன். கொழும்பு போகணும், போன் வந்திருக்கு. உங்க தோட்டத்து ஸ்டோர்தான். ரோதையோட அச்சுத்தண்டு முறிஞ்சிருச்சாம்.”

பூரணி எழுந்து உட்கார்ந்தாள். பாயைச் சுருட்ட ஆரம்பித்தவள் இருமலில் நின்றாள். வெளியே மழை. அவள் இறங்கி நிற்கிற இடம் அந்தக் கராஜில் இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்க்கு நடுவில்தான்.

“பேர வெட்டுனவங்களுக்கு நீங்க அச்சு கொண்டு போறீங்க” என்றாள்.

“வேற என்னடி செய்யச் சொல்ற?”

“ஒன்னும் செய்யச் சொல்லல. சீக்கிரம் கொண்டு போங்க. கெடப்போறது ராக்காயி பறிச்ச கொழுந்து.”

அந்தோனிமுத்து தலையைச் சொறிந்தான். “மதினி, நீங்க இறங்க வேணாம். மொதலாளி முன்னாலதான் பார்ப்பாரு, பின்னால பார்க்க மாட்டாரு. நான் முன்னால குந்திக்கிறேன். எனக்கு அந்தப் பலகையில ஒரு பக்கம்தான் கொள்ளுது.”

கிளம்பினார்கள். வளைவுக்கு வளைவு பூரணி திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: “இந்தாங்க, இப்ப என் தலை எந்தப் பக்கம்?” வடக்கே தலை வைத்துப் படுத்தால் எமன் வழி கேட்காமல் வருவான் என்பது அவள் நம்பிக்கை. அந்த ரோட்டில் ஒரு மைலுக்குள் தலை எல்லாத் திசையும் பார்த்துவிடும். “கெழக்கு” என்றான் சோலைமலை. அடுத்த வளைவிலும் கிழக்கு. அதற்கடுத்ததிலும் கிழக்கு. “மலைநாட்டுல சூரியனுக்கு ரொம்ப சௌகரியம் அண்ணே, எந்தப் பக்கமும் உதிக்கலாம்” என்றான் அந்தோனிமுத்து. அவள் தூங்கவில்லை.

கொழும்பில் அச்சுத்தண்டு தயாராக இருந்தது. பூரணி நீளம், புதிதாகக் கடைந்தது, வெள்ளிபோல் மினுங்கியது. ஏற்ற வந்தவர் லாரியின் பின்தட்டைப் பார்த்து ஆகாதென்று தலையாட்டினார். வெறும் லாரி குதிக்கும், குதித்தால் கீறும், கீறினால் ரோதை ஏற்காது. மெத்தென்று எதன் மேலாவது வைத்துக் கொண்டுபோகச் சொன்னார். திரையை விலக்கிப் பார்த்தவர், “இதுல வைங்க, அளவெடுத்த மாதிரி இருக்கு” என்றார்.

வைத்தார்கள். பூரணியின் பாயைச் சுற்றி, அவள் சேலை மூட்டையைத் தலைமாட்டில் கொடுத்து, குளிராமல் இருக்க ஒரு சாக்கும் போர்த்தி. பூரணி சீட்டில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கண்டாக்கையா சொன்னபடியே குந்தியிருந்தாள். திரும்பி வந்த வழி முழுக்க அந்த லாரியில் கால் நீட்டிப் படுத்தது இரும்பு ஒன்றுதான். வண்டி ஏற்றத்தில் இருமும்போது அவளும் இருமினாள். எது எது என்று சோலைமலைக்குப் பிரித்துக் கேட்கவில்லை.

பொழுது சாயும்போது தோட்டத்து ஸ்டோர் வாசலில் நின்றார்கள். ஆட்கள் ஓடிவந்தார்கள். அச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் நான்கு பேர் தூக்கிப்போனார்கள். கண்டாக்கையாவும் குடையோடு வந்தார். சீட்டில் இருந்தவளைப் பார்த்தார். பார்க்காததுபோல் அச்சின் பின்னால் போனார்.

“ஐயா, பாய் நம்மது” என்றாள் பூரணி.

உள்ளேயிருந்து யாரோ பாயை வெளியே எறிந்தார்கள். சேற்றில் விழுந்தது. அவள் இறங்கி எடுத்து, உதறி, எண்ணெய்க் கறை பட்ட பக்கத்தைக் கீழே போட்டுப் பலகையில் விரித்துப் படுத்தாள்.

ஹட்டன் வரை சோலைமலை ஓட்டிய ஓட்டத்தை அவசர லாரியின் ஓட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு மாட்டு வண்டி முந்திப் போனது. வண்டிக்காரன் இறங்கி, லாரிக்கு என்ன சுகமில்லை என்று விசாரித்தான்.

“இந்தாங்க, எந்தப் பக்கம்?”

“கெழக்கு.”

பிறகு கேட்டாள். பிறகு வெகுநேரம் கழித்து ஒருமுறை கேட்டாள்.

கராஜ் கேட்டில் றோலண்ட் முதலாளி டோர்ச் லைட்டோடு நின்று கையை ஆட்டினார். ராகலைப் பக்கம் ஏதோ ஸ்டோரில் உடைந்திருக்க வேண்டும். உடையாமல் அவர் மழையில் நிற்கமாட்டார்.

“மதினிய எழுப்பவா?” என்றான் அந்தோனிமுத்து.

“வண்டி உள்ள திரும்பட்டும்டா.”

லாரி கேட்டுக்குள் திரும்பியபோது பூரணியின் தலை நேர் வடக்கில் இருந்தது. அவள் கேட்கவில்லை.