நான் மேடாக்கிய தெரு

சித்ராக்காவின் தெரு பள்ளம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே மேடு என்று சொன்னேன்.

உங்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களிலிருந்து தொடங்கினால் என்னை நானே காப்பாற்றிக்கொள்வேன்...

விருத்தாசலத்தில், வீட்டிலிருந்தபடியே வரைபடம் தயாரிப்பது என் வேலை. அந்நேரத்தில் என் மகளைப் பார்த்துக்கொள்பவர் சித்ராக்கா. சென்ற ஆண்டு மழைக்கு முன், வெள்ளம் எங்கெங்கே தேங்கும் என்று ஒரு பொறியாளருக்கு வரைந்து தரவேண்டியிருந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த நில உயரத் தரவைக் கட்டற்ற மென்பொருள் ஒன்றில் ஏற்றினேன். பீங்கானுக்குக் களிமண் தோண்டிய குழியும் அதை ஒட்டிய அக்காவின் தெருவும் இருக்கவேண்டிய இடத்தில் எண்களே இல்லை. வெற்றுக் கட்டங்கள்.

நேரில் போய் அளக்க அரை நாள் போதும். ஆனால் மகளுக்குக் காய்ச்சல். படத்தை அன்றே அனுப்பவேண்டும். வெற்றிடத்தை நிரப்பும் கட்டளையை அழுத்தினேன். மென்பொருள் சுற்றியிருந்த உயரங்களை எடுத்து நிரப்பியது. சுற்றியிருந்தவையோ குழியிலிருந்து வாரிக் கொட்டிய மண்மேடுகள்! ஒரு நொடியில் தெரு மேடாகிவிட்டது.

அக்காவை இறக்கிவிட ஸ்கூட்டரில் தினமும் இறங்கும் சரிவு அது. பிரேக்கைப் பிடித்த என் கைக்குத் தெரியாதா?

மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

"எங்க தெரு மேடா, பள்ளமா ரேவதி? அம்மா படுத்த படுக்கையா இருக்குது. மழைக்கு முன்னாடி தங்கச்சி வூட்ல வுட்டுடலாமான்னு பாக்கறேன்."

"மேடுதான்க்கா."

"கம்ப்யூட்டரே சொல்லிடுச்சா? இனி கெழவி என்னை வுட்டு நகராது" என்று சிரித்தார்.

மழை வந்தது. குழி நிரம்பித் தெருவுக்குள் வழிந்தது. தூக்க ஆள் வருவதற்குள் அக்காவின் அம்மா படுத்திருந்த கட்டில்மேல் தண்ணீர் ஏறிவிட்டது. பத்தாம் நாள், சளிக்காய்ச்சலில் போய்விட்டார்.

சாவுக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். அக்கா என் மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கொழந்தைய எதுக்குடி இந்த ஈரத்துல தூக்கியாந்த?"

சொல்லிவிட்டால் இனி மகளை யார் பார்த்துக்கொள்வார்கள்... அந்த வேளையிலும் அதைத்தானே நினைத்தேன்! நானும் ஒரு மனுஷியா?

படத்தைத் திருத்திப் பொறியாளருக்கு அனுப்பினேன். 'தரவுப் பிழை' என்று எழுதினேன்.

நேற்று வானம் கறுத்தது. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே அக்கா கேட்டார்.

"இந்த வருஷம் எங்க தெரு எப்டி இருக்குது?"

"பள்ளம்க்கா."

சீப்பு நின்றது.

"போன வருஷம் மேடுன்னியே?"

"மழையில... மண்ணு அரிச்சிடுச்சுக்கா."

"மண்ணு என்னா பண்ணும், பாவம்" என்று அக்கா பின்னலைத் தொடர்ந்தார்.