பைலக்கா மாடி ஏறிய கதை

பல்கலைக்கழகத்தின் நியமனப் பிரிவில் அவளுக்குப் பைலக்கா என்றுதான் பெயர். எந்தப் பைல் எந்த அலமாரியில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இருபத்திரண்டு வருஷமாகப் பேராசிரியர்களுக்கு வேலை ஆணை அடிக்கிறவள்.

அந்த வருஷம் ஜனநாயகத்தைப் பற்றி ஆராயவும் பாடம் நடத்தவும் ஒரு மூத்த பேராசிரியரைத் தேடினார்கள். மூன்று முறை விளம்பரம் கொடுத்தும் தேறியது ஒரே ஒரு விண்ணப்பம். ஜனங்கள் ஏன் ஓட்டுப் போடுகிறார்கள், ஏன் போடாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள் என்று முப்பது வருஷம் ஊர் ஊராகக் கேட்டு எழுதிய ஓர் அம்மாள். பைலக்கா ஆணையை அனுப்பினாள். பத்தாம் நாள் பதில் வந்தது: குடும்பச் சூழ்நிலை காரணமாக வர இயலவில்லை.

கடிதத்தைப் பைலில் போடச் சொல்லிவிட்டார் பதிவாளர். பைலக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அந்த அம்மாளுக்கே போன் செய்தாள்.

"மேடம், நியமனப் பிரிவுலேர்ந்து பேசறேன். தப்பா எடுத்துக்காதீங்க, வீட்ல என்ன கஷ்டம்?"

"வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சும்மா. சக்கர நாற்காலிதான். நீங்க குடியிருக்க ஒதுக்கின வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாதாமே. மேல ஏத்திட்டா அவர் அப்புறம் தெருவையே பாக்க முடியாது."

பல்கலைக்கழகக் குடியிருப்பில் தரைத்தள வீடுகள் நான்குதான். எதுவும் காலியில்லை. அதில் ஒன்று பைலக்காவினுடையது.

அன்று சாப்பிடும்போது, நம் வீட்டை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மூன்றாம் மாடிக்குப் போகலாமா என்று பேச்செடுத்தாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்கு முட்டி வலி. தெரிஞ்சுதான் பேசறியா?"

"ஓட்டு எடுக்கலாம்ப்பா" என்றாள் மகள். "என் ஓட்டு மாடிக்கு. நல்லா காத்து வரும்."

"ரெண்டு பேரும் சேந்து என்னைத் தோக்கடிக்கறீங்களா?"

"ஓட்டெல்லாம் வேணாம்" என்றாள் பைலக்கா. "வலிக்கப்போறது உங்க முட்டி. நீங்க சரின்னு சொல்லாம ஒரு சாமானைக்கூட நகத்த மாட்டேன்."

இரண்டு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் டிப்போவிலிருந்து வந்தவர் நேரே மூன்றாம் மாடிக்கு ஏறிவிட்டு இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது.

"நடுவுல ஒரு தடவை நின்னா ஏறிடலாம். பாவம், அந்த மனுஷனுக்கு அதுவும் முடியாதே" என்றார்.

பைலக்கா மறுநாளே வீடு மாற்ற மனு கொடுத்தாள். பதிவாளர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகிவிட்டது என்று மட்டும் அந்த அம்மாளுக்குத் தகவல் போனது. பேராசிரியர் குடிவந்த வாரமே காவலாளி விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். அந்த அம்மாள் இரைக்க இரைக்க மாடியேறி வந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா!"

"சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டீங்களே, மேடம்."

பேராசிரியர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போதெல்லாம் மெக்கானிக் வேலை முடிந்து நேரே மாடி ஏறுவதில்லை. சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவழியில் நின்றுபோன பஸ்களின் கதைகளை அவிழ்த்துவிடுகிறார். பேராசிரியரின் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிக்கிறார். மேலிருந்து பைலக்கா குரல் கொடுத்தால், "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைக் கிளப்புகிறார்.