பன்னிரண்டாவது துவக்கு

கைருன்னிஸா ராத்தாவுக்குப் பேசத் தெரியாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். அவருக்கு நன்றாகவே பேச வரும். எங்களுக்குத்தான் கேட்கத் தெரியாது. அந்த 'எங்களில்' நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் நளீர். விவசாயிகளின் வாய்க்கால் சங்கத்தில் செயலாளராக எட்டு வருடம் இருந்தவன். எழுதச் சொன்னதை எழுதி, ஒப்பம் வைக்கச் சொன்ன இடத்தில் வைத்து, தேநீர் வந்தால் குடித்துக் காலத்தை ஓட்டியவன்.

ராத்தா பிறந்தது மன்னாரில், முசலிப் பக்கம். தொண்ணூறில், யுத்தத்தின்போது, முஸ்லிம்களை ஊரைவிட்டு எழுப்பி அனுப்பியபோது பதின்மூன்று வயது. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கி, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, உப்பளத்தில் உப்பு வாரி, அங்கேயே வேலை செய்த ஹஸ்மியைக் கல்யாணம் முடித்தார். இருவருமாக எலுவன்குளத்துக்கு அப்பால், வில்பத்துக் காட்டின் ஓரத்தில், ஒன்றரை ஏக்கர் பற்றையை வெட்டி வயலாக்கினார்கள். யுத்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பலாம் என்றார்கள். பலர் போனார்கள். ராத்தா போகவில்லை.

"ஒருக்கா எழும்பினவதான் நான். இனி ஆரு சொன்னாலும் எழும்ப மாட்டன்" என்றார்.

அடுத்த வருடமே ஹஸ்மி சிறுநீரக வருத்தத்தில் மௌத்தானார். மகள் நிஃப்லாவைக் கனமூலையில் கட்டிக் கொடுத்த பிறகு ராத்தாவுக்கு எஞ்சியவை மூன்று: வயல், காவல் குடில், ஹஸ்மியின் இடியன் துவக்கு என்கிற நாட்டுத் துப்பாக்கி. வாய்ப் பக்கத்தால் வெடிமருந்து போட்டு, தேங்காய்த் தும்பு அடைத்து, சன்னம் போட்டு, கம்பியால் இடித்து இறுக்குகிற துவக்கு என்பதால் அதற்கு அந்தப் பெயர். இங்கே அது இல்லாமல் நெல் வீடு வராது. பன்றி ஓர் இரவு இறங்கினால் போதும், விடியும்போது வயல் உழுது போட்டது போல் கிடக்கும். அதன் லைசன்சைத் தன் பெயருக்கு மாற்ற ராத்தா ஒன்றரை வருடம் அரசாங்கக் கச்சேரிக்கு அலைந்தார். பெண்பிள்ளைக்குத் துவக்கு எதற்கு என்று கேட்ட கிளாக்கரிடம், "பன்றி வந்து ஆம்புளையா பொம்புளையா எண்டு கேக்கிறல்ல, சேர்" என்றாராம்.

லைசன்சை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதற்குச் சங்கத்தின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். சங்கம் என்றால் தலைவர் ஹயாத்து முகம்மது ஹாஜியார்.

இடியனில் ஒரு குறை உண்டு என்பதை மறுக்க முடியாது. பின்பக்கக் குமிழில் கேப்பு என்கிற ஒரு சின்ன வெடிமூடியைச் செருகி, அதில் சுத்தி விழுந்தால்தான் மருந்து பற்றும். மாரி மழையில் கேப்பு ஈரமானால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பன்றிகள் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காது. இதற்கு மருந்தாகத்தான் ஹாஜியாரின் மருமகன் ஃபைஸல் வந்தான். டவுனில் ரேடியோ, டோர்ச், இன்வேட்டர் திருத்துகிறவன். கேப்பும் சுத்தியும் இல்லாமல், துவக்கின் பின்பக்கத்தில் மாட்டி, பற்றரியால் மருந்தைப் பற்றவைக்கிற ஒரு பூட்டைக் கொண்டு வந்தான். பொத்தானை அமர்த்தினால் வெடி. பக்கத்தில் ஒரு சின்னச் சுவிச்சு; அதைப் பூட்டி வைத்தால் பொத்தான் வேலை செய்யாது.

வற்றிய குளத்தில் வைத்துப் பரீட்சை நடந்தது. ஃபைஸல் தன் துவக்கின் மேல் வாளியால் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஆறு தரம் சுட்டான். ஆறும் வெடித்தது. ராத்தாவின் துவக்கை நனைத்துச் சுட்டால் ஆறில் இரண்டு வெடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். நானும்தான்.

ராத்தா புதுத் துவக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தைப் பெருவிரலால் தடவினார்.

"தம்பி, சாமான் நல்ல சாமான். இது நித்திரையா முழிப்பா எண்டு எப்பிடித் தெரியும்?"

இந்தக் கேள்வியை விளங்கிக்கொள்ள எங்கள் பழக்கம் தெரிய வேண்டும். இடித்த மருந்தை யாரும் திரும்ப எடுப்பதில்லை. அது பெரிய வேலை. சுட்டுத் தீர்த்தாலோ மருந்து வீண். ஆகவே காவல் முடிந்தால் கேப்பை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவோம். உள்ளே மருந்து இருக்கும், ஆனால் கேப்பில்லாத துவக்கு நித்திரை. யாருடைய வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் பெருவிரல் குமிழைத் தடவும். வெறுங்குமிழ் என்றால் 'நித்திரை' என்று வாயால் சொல்லி மூலையில் சாத்துவோம். எங்கள் வாப்பாமாரும் அப்படித்தான் செய்தார்கள்.

"சின்னச் சிவப்பு லைட் ஒண்டு ஈக்கி, ராத்தா. பத்தினா முழிப்பு" என்றான் ஃபைஸல்.

"வெயிலுக்க தெரியுதா? எனக்குத் தெரியல்ல."

"அப்ப சுவிச்சப் பாருங்க."

"எங்கட ஆக்கள் பாக்க மாட்டாங்க, தம்பி. தடவுவாங்க. இதுல எப்ப தடவினாலும் வெறுசுதான் ஈக்கும். முழிச்சிருக்கக்குள்ளயும் நித்திரை மாதிரியே காட்டும். கழட்டிப் பையில போடுற மாதிரி ஒரு துண்டு வெச்சித் தா. அது இல்லாட்டி வெடிக்கவே கூடாது. அப்ப நானும் மாத்துறன்."

ஃபைஸல் சிரித்தான். ஹாஜியார் சிரிக்கவில்லை. பெண்பிள்ளை ஒருத்தி தன் மருமகனைக் கூட்டத்தில் கேள்வி கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த மாதமே தீர்மானம் வந்தது. சங்கத்தின் பன்னிரண்டு துவக்கிலும் புதுப் பூட்டு போட வேண்டும், போடாதவருக்குக் கடிதம் இல்லை. எழுதியது நான். ஒப்பமும் என்னுடையதுதான்.

பதினொன்று மாறியது. ராத்தாவுடையது மாறவில்லை.

கார்த்திகை மாதம் கிராம அதிகாரியான விதானை லோறன்ஸ் துவக்குகளின் வருடாந்தப் பார்வைக்கு வந்தார். சங்கக் கட்டடத்தில் பாய் விரித்து, ஒவ்வொருவராகத் துவக்கைக் காட்டி, நம்பரை வாசித்து, பாயில் வைப்பதுதான் வழமை. மருந்தில்லாமல்தான் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். பெருவிரல் தடவினால் போதும் என்பது நாங்கள் எங்களுக்கே கொடுத்துக்கொண்ட சலுகை. விதானையும் கண்டுகொள்வதில்லை.

ஹாஜியார் முதலாவதாக வந்தார். கை தன்பாட்டில் பின்பக்கம் போயிற்று. பெருவிரல் தடவியது. குமிழ் இருந்த இடத்தில் வழவழப்பான இரும்பு.

"நித்திரை" என்றார். பாயில் வைத்தார்.

அடுத்தவர் தடவினார். "நித்திரை." அதற்கடுத்தவரும் அப்படியே. கேப்பே இல்லாத துவக்கில் கேப்பைத் தேடி, இல்லை என்று கண்டு, பதினொரு பேரும் திருப்தியாக உட்கார்ந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

"சேர், பொறுங்க" என்று ராத்தா எழும்பினார். யாரிடமும் கேட்கவில்லை. ஹாஜியாரின் துவக்கில் செருகியிருந்த இடிகம்பியை உருவி, குழலுக்குள் மெதுவாக இறக்கினார். எல்லாருடைய கம்பியிலும் அரத்தால் ராவிய ஒரு கோடு இருக்கும். குழல் வெறுமை என்றால் கோடு வாயோடு சரியாக நிற்கும். ஹாஜியாரின் கம்பியில் கோடு நான்கு விரல் மேலே நின்றது. உள்ளே மருந்து இருந்தது.

ராத்தா கம்பியை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைப் பார்த்தார். அதிலும் நான்கு விரல். பதினொன்றில் ஏழு அப்படி இருந்தது. விதானை கதிரையைச் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஹாஜியாருக்கு முகம் கறுத்துவிட்டது. "மருந்து இருந்தா என்ன? சுவிச்சு பூட்டித்தானே ஈக்கி! வெடிக்கிறத்துக்கு இது என்ன சீன வெடியா?" என்று தன் துவக்கைத் தூக்கினார். வாயை மேலே பிடித்தார், அல்ஹம்துலில்லாஹ், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. "இந்தா பாருங்க" என்று பொத்தானை அமர்த்தினார்.

கூரையின் அஸ்பெஸ்டஸ் சீற்றில் ஒரு பெரிய ஓட்டை. புகை, தூசு, துண்டு துண்டாகச் சீற்று. விதானையின் தலையெல்லாம் வெள்ளை. மோட்டார் சைக்கிளில் குலுங்கி வந்ததில் அந்தச் சின்னச் சுவிச்சு எங்கேயோ நகர்ந்திருக்கிறது. வாயை மாற்றிப் பிடித்திருந்தால் அந்த நாலு விரல் மருந்து எங்களில் ஒருவருடைய ஜனாஸாவாக முடிந்திருக்கும்.

பதினொரு துவக்கையும் பொலிஸ் எடுத்துப் போயிற்று. ராத்தாவின் துவக்கை, லைசன்ஸ் முடியும் வரைக்கும், அதாவது டிசம்பர் கடைசி வரைக்கும், வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஆபத்தைக் காட்டியவருக்கு நன்றி சொல்லியிருப்போம் என்று நினைக்கிறீர்களா? எங்களை உங்களுக்குத் தெரியாது. "அவ கம்பிய உட்டுக் குத்தினதாலதான் வெடிச்சது" என்று ஃபைஸல் கிளப்பிவிட்டான். உள்ளே இருந்த வயரை அவர் கம்பிதான் கலைத்ததாம். துவக்கில்லாமல் நின்ற ஆண்களுக்கு அது இனித்தது. ஒரு கிழமைக்குள் ஊரே அதைக் கதைத்தது.

விதானை விசாரணை வைத்தார். அதற்கு முதல் நாள் ஹாஜியார் ராத்தாவைச் சங்கத்துக்குக் கூப்பிட்டு, நான் எழுதிவைத்த சிபாரிசுக் கடிதத்தை மேசையில் வைத்தார். அவருடைய ஒப்பமும் இருந்தது.

"பிள்ள, நான் உனக்குக் கெட்டவனில்ல. கம்பி பட்டுத்தான் வெடிச்சது எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. எங்கட துவக்கும் திரும்பி வரும், உனக்கும் கடிதம் கிடைக்கும்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி ஜனவரில நீ வெறுங்கையோட பன்றிக்கு முன்னால நிக்க வேண்டியதான்."

ராத்தா கடிதத்தைத் தொடவில்லை. மறுநாள் விசாரணையில் அவர் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் எழுதியவன் நான்.

"எழுதுங்க சேர். கம்பி என்ட கையில இருந்தது. அத நான் எடுத்து வெச்சி மத்தப் பத்துத் துவக்கையும் பாத்து முடிஞ்ச பொறகுதான் வெடிச்சது. பொத்தான அமத்தினது ஹாஜியார். கடிதம் தராட்டித் துவக்கக் கொண்டு போங்க. நான் தகரப் பீப்பாவத் தட்டித் தட்டிக் காப்பன். பொய் சொல்லித் துவக்கு எடுக்க மாட்டன். வயல விட்டு எழும்பவும் மாட்டன்."

விதானை என் பக்கம் திரும்பினார். "செயலாளர் பக்கத்திலதானே இருந்தீங்க? ஆர் அமத்தினது?"

"புகையா இருந்திச்சி சேர். சரியாத் தெரியல்ல" என்றேன்.

பொத்தானை அமர்த்திய பிறகுதானே புகை வரும், மடையா! அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. ராத்தா என்னை ஒரு தரம் பார்த்தார். எழும்பிப் போய்விட்டார்.

கடிதம் கிடைக்கவில்லை. ஜனவரி முதலாந் திகதி காலையிலேயே துவக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்ப் பொலிஸில் ஒப்படைத்தார். பிறகு தகரப் பீப்பா. அது எல்லாருடைய வயலுக்கும் கேட்டது. மற்ற ஆண்கள் பட்டாசு போட்டுப் பார்த்துவிட்டுப் போர்வைக்குள் போனபோதும் அவருடைய பீப்பா நிற்கவில்லை. ஒரு மூலையில் கால் ஏக்கரைப் பன்றி தின்றது. மீதி தப்பியது. ஆனால் கதிர் முற்ற இன்னும் ஒரு மாதம் கிடந்தது. ஒரு நாள் பகலில் கண்டபோது உள்ளங்கைகளில் சீலை சுற்றியிருந்தார். தோல் உரிந்துவிட்டது.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்து சிபாரிசுக் கடிதப் படிவத்தை எடுத்தேன். அடியில் 'தலைவர் / செயலாளர்' என்றுதான் அச்சிட்டிருந்தது. யாராவது ஒருவர் போதும். எட்டு வருடமாக அந்தச் சாய்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஹாஜியார் இருக்கும்போது என் ஒப்பமும் ஓர் ஒப்பம்தான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கடிதத்தை எழுதி, ஒப்பம் வைத்து, முத்திரையும் குத்தி, ராத்தாவின் வயல் வரம்புக்குக் கொண்டு போனேன். பெரிய வீரம் செய்துவிட்டேன் என்று நினைப்பு.

ராத்தா நின்றபடியே வாசித்தார். 'ஆண் துணையற்ற ஏழை விதவை என்பதால் இரக்கத்தின் பேரில்' என்று எழுதியிருந்தேன். அந்த இடத்தில் விரல் நின்றது. கடிதத்தைத் திருப்பி என் கையில் தந்தார்.

"இது எனக்கு வேணாம், தம்பி."

"ராத்தா, ஹாஜியாருக்குத் தெரியாம எழுதினது. இது ஒண்டுதான் வழி."

"நான் ஏழை எண்டு எழுதக் கேட்டனா? என்ட துவக்கு என்னத்துக்குப் போனது எண்டு உங்களுக்குத் தெரியும். பொத்தான அமத்தினது ஆரு எண்டும் தெரியும். அத எழுதுங்க. எழுத ஏலாட்டிப் போங்க, எனக்குப் பீப்பா ஈக்கி."

அடுத்த வயல் ஹாஜியாருடையது. அவர் வரம்பில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்.

நான் அங்கேயே குந்தினேன். கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, முழங்காலில் வைத்து, பேனையைத் திறந்தேன்.

"சத்தமா வாசிச்சி வாசிச்சி எழுதுங்க" என்றார் ராத்தா.