பிழைப் பதிவேட்டின் கடைசி வாரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் அலுவலகத்தில் நாங்கள் இரண்டு தற்காலிக புரோகிராமர்கள். நிரந்தர வேலை ஒன்றுதான். மேனேஜர் விதி போட்டார். ஒருவர் எழுதியதை மற்றவர் சோதிக்க வேண்டும். பிழையைக் கண்ட அன்றே பதிவேட்டில் எழுத வேண்டும். கண்டவர் பெயரில் ஒரு புள்ளி ஏறும். மூன்று மாதத்தில் அதிகம் கண்டவருக்கு வேலை. சமமானால் இருவரையும் வைத்துக்கொள்ளப் பார்க்கலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார். எழுத்தில் வராததை நான் அன்றும் நம்பியதில்லை.

முதல் வாரமே என் சகா, அந்த இன்னொரு புரோகிராமர், அருகில் வந்தார்.

"ஏனுங்க, வாரத்துக்கு ஆளுக்கு ரெண்டுன்னு வெச்சுக்கலாமுங்களா? நொம்ப எழுதினா ரெண்டு பேருமே மக்குன்னு தெரிஞ்சிருமுங்க."

ஒப்புக்கொண்டேன். எழுத்துப்பிழை, கோணலான பத்தி என்று சில்லறைகளாக எழுதி வந்தோம். ஆனால் நான் கல்லூரியில் ஆட்டக் கோட்பாடு படித்தவன். அடுத்த வாரம் மற்றவர் பழிவாங்கலாம் என்ற பயம் இருக்கும்வரைதான் இப்படிப்பட்ட கூட்டு நிற்கும். கடைசி வாரத்துக்கு அடுத்த வாரம் கிடையாது. இது எனக்குத் தெரியும் என்றால் அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் சிரித்தாலே சந்தேகப்பட்டேன்.

அப்போதுதான் காப்பிப் பழம் பறிப்பவர்களுக்குக் கூலி கணக்கிடும் அவர் புரோகிராமில் பெரிய பிழை ஒன்று கிடைத்தது. அது பெயரையும் ஊரையும் வைத்தே ஆளை அடையாளம் கண்டது. தலைச்சோலை என்ற ஊரில் ஒரே பெயரில் மூன்று பெண்கள். ஒருத்தி பறித்த பழத்தின் எடை இன்னொருத்தியின் கூலிச் சீட்டில் ஏறியது. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். பதிலடிக்கு நேரமிருக்காது.

நடுவில் அந்தப் பெண்களில் ஒருவர் சீட்டோடு வந்தார்.

"ஏனுங்க சாமி, பாதி எடைதான் போட்டிருக்குது."

"தராசுக்காரரைக் கேளுங்கக்கா," என்றார் சகா.

"தராசு சரியாத்தான் காட்டுச்சு கண்ணு. உங்க பொட்டிதான் பொய் சொல்லுது."

காரணம் தெரிந்த நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். பிழைகளை மறைப்பதில் எங்கள் இருவருக்கும் லாபம். அந்தக் கூட்டில் அந்தப் பெண்ணுக்கு இடமில்லை.

கடைசி நாள் காலை பதிவேட்டைத் திறந்தேன். அதே பிழை, சகாவின் கையெழுத்தில், அவர் புரோகிராமின் மீதே எழுதப்பட்டிருந்தது. கண்டவர் என்ற இடத்திலும் அவர் பெயரே. தன் பிழையைத் தானே காணக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. மேனேஜரின் விதிகளைத் தட்டச்சு செய்து கொடுத்தவன் நான்தான்.

மேனேஜரிடம் ஓடினேன். "சார், இது எனக்குப் பதினோரு நாளாகவே தெரியும்."

"அப்புறம் ஏன் எழுதல?"

அவர் இருவர் கணக்கையும் கூட்டிப் பார்த்தார். சகாவுக்கு ஒன்று கூடுதல். வேலை அவருக்கே போனது.

அந்த அக்காவுக்காக எழுதினாரா, என்னை முந்த எழுதினாரா என்று நான் கேட்கவில்லை. முதல் காரணத்தைச் சொல்வார். அதை நம்பும் பழக்கம் எனக்கு இல்லை.