சண்டை ஓடையில் நான் எந்தப் பக்கம்?

பரம்பரைப் பகையில் சுடப்பட்டுச் சாகப்போகும் முதல் தமிழன் நான்தான் என்று இன்று காலை மனதார நம்பினேன்.

அமெரிக்க ஊரான ரவுண்ட் ராக்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எனக்கு, இணைய வரைபடத்தில் பழைய இடப்பெயர்களையும் குடும்பச் சண்டைகள் நடந்த இடங்களையும் குறிப்பதுதான் சனிக்கிழமை வீரம். இன்று 'சண்டை ஓடை'. அக்காலத்தில் இரண்டு குடும்பங்கள் இதன் இரு கரையிலும் நின்று சுட்டுக்கொண்டனவாம்.

வேலிக் கதவருகே காரை நிறுத்திப் போனில் புள்ளி வைக்கிறேன். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் ஜன்னலில் குனிகிறார். அதே இரண்டு குடும்பப் பெயர்களையும் சொல்லி, ஆங்கிலத்தில் கேட்கிறார்: "நீங்க எந்தப் பக்கம்?"

என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போகின்றன. "சார், நான் இந்தியா பக்கம்!"

பக்கத்தில் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். "ஐயோ, கைய இறக்குங்க! அங்க பூவும் டென்ட்டும் தெரியல? ரெண்டு வீடும் இன்னிக்கு சம்பந்தி ஆகுது. பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடான்னு கேக்குறார்."

"மாப்பிள்ளை வீடு" என்கிறேன் பெரியவரிடம். எந்த மண்டப வாசலிலும் என் வாயில் முதலில் வருவது அதுதான்.

அவர் கைகாட்டிய இடது கரையில் காரை நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரோடு வரிசையில் நின்று சாப்பிடுகிறோம்.