ரஸ்டி கனூவின் அறுபத்தொன்று

கனடாவின் பிராண்டன் ஊரில் டோரீன் ஃப்ரீசனிடம் முடி வெட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. வாரம் முழுக்க ஊரார் தலையில் கை வைப்பவள், ஞாயிறு மதியம் கணினியில் போக்கர் சீட்டு ஆடி, முகம் தெரியாதவர்கள் தலையிலும் கை வைப்பாள்.

திரையில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் குட்டி எண்கள் நிற்கும். நூறு ஆட்டத்தில் எத்தனை தடவை பந்தயத்தை ஏற்றினார், எத்தனை தடவை சீட்டைப் போட்டுவிட்டு ஓடினார் என்று ஆளுடைய வண்டவாளம் முழுக்க அதில் இருக்கும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய பயமும் பேராசையும் அவளுக்கு அத்துபடி. ஆனால் ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. அதுதான் அவளுக்குக் குறை.

அந்த ஞாயிறு ஆட்டத்தில் முதல் மூன்று பேருக்கு மான்ட்ரியாலில் நேரில் உட்கார்ந்து ஆட அழைப்பு. மிச்சம் இருந்தது நான்கு பேர். 'ரஸ்டி கனூ' என்ற பெயர்க்காரன் தன்னிடம் இருந்த மொத்தத்தையும் பந்தயத்தில் தள்ளினான். டோரீன் கையில் ஓர் ஏஸும் ஒரு பத்தும். அவன் ஏற்றும் எண் அறுபத்தொன்று. அத்தனை தடவை ஏற்றுகிறவன் கையில் பாதி நேரம் குப்பைதான் இருக்கும்.

"புளுகன். இன்னிக்கு மாட்டினான்" என்று சுட்டியை நகர்த்தினாள்.

பெரோகிக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் கிளென் எட்டிப் பார்த்தான்.

"பிப்ரவரி பூரா நீயும் ஒருத்தனும் ரெண்டே பேரா மல்லுக்கட்டினீங்களே, அவன்தானே இவன்?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல தாயே. அப்ப நீயும்தான் குப்பையை வெச்சுக்கிட்டு ஏத்தின. கேட்டதுக்கு, ரெண்டு பேர் ஆட்டத்துல அப்படித்தான், உனக்கு ஒரு எழவும் தெரியாதுன்னு எரிஞ்சு விழுந்த."

டோரீனுக்குச் சுரீர் என்றது. இருவர் ஆட்டத்தையும் நால்வர் ஆட்டத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிய எண் அது. அவசர அவசரமாக நாலு பேர் உட்கார்ந்த ஆட்டங்களை மட்டும் பிரித்துப் பார்த்தாள். பன்னிரண்டு. புளுகனாவது ஒன்றாவது, பரம சாது. சீட்டைப் போட்டுவிட்டாள்.

அடுத்தவன் இரண்டு ஒன்பதை நம்பித் தன்னிடம் இருந்ததையெல்லாம் வைத்து மோதினான். கனூ இரண்டு ராஜாக்களைத் திறந்தான். மோதியவன் வெளியே. மிச்சம் மூன்று பேர்.

கிளென் மாவுக் கையாலேயே அவள் முதுகைத் தட்டினான். அவள் திட்டவில்லை.

"மான்ட்ரியால்ல மூஞ்சிக்குப் பக்கத்துல நம்பர் இருக்காதே, கிளென்."

"எம் மூஞ்சிக்குப் பக்கத்துல இருக்கா? நான் பொய் சொன்னா மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிற?"

"உனக்குக் காது சிவந்துடும்."

"அப்ப அங்கயும் காதைப் பாரு."

டோரீன் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ரஸ்டி கனூவுக்கு ஒரு வரி தட்டினாள்: 'மான்ட்ரியாலுக்குத் தொப்பி போட்டுட்டு வந்துடாதீங்க.'